‘லாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் இடையே

வாசகர் கேள்வி – பதில்

அரசியல் சமரசம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சட்டத்தின் வாசகமும் நடந்த வரலாறும் சொல்வதை வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ‘கொள்கையில் சமரசத்துக்கு இடமில்லை’ என்று எல்லாக் கட்சிகளும் மேடையில் முழங்குகின்றன. தேர்தல் முடிந்ததும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகின்றன. இது வாக்களித்தவர்களை ஏமாற்றுவது ஆகாதா? – வாசகர், மதுரை

சில நேரம் ஆகும். எப்போதுமே ஆகும் என்று சொல்ல முடியாது. பெரும்பான்மை இருந்தால் ஒரு சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றிவிடலாம். ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் இடத்தில், எதிர்த்து வாக்களித்த கட்சி ஆளும் மாநிலங்கள் இருக்கும். அந்தக் கட்சிக்கு வாக்களித்த கோடிக்கணக்கான மக்களும் இருப்பார்கள். ஐந்தாண்டு கழித்து ஆட்சி மாறினால், வந்தவர்கள் முதல் கூட்டத்தொடரிலேயே அந்தச் சட்டத்தைத் தூக்கி எறியலாம். தோற்றவருக்கும் அதில் ஏதோ ஒன்று கிடைத்திருந்தால் அவரே அதற்குக் காவலாக நிற்பார். ஆட்சி மாறியும் நிலைத்த ஏற்பாடுகளைத் தேடிப் பாருங்கள், அநேகமாக எல்லாமே இப்படி இரு தரப்பும் கை வைத்தவையாகத்தான் இருக்கும்.

ஏமாற்றா, சமரசமா என்று பிரித்தறிய அதன் வாசகத்தைப் படிக்க வேண்டும். எதை விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கினார்கள், நாளை அதை மாற்றும் சாவி யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் அதை விவாதிக்கலாம். ‘நல்லெண்ண அடிப்படையில் புரிந்துணர்வு ஏற்பட்டுள்ளது’ என்ற அறிக்கை மட்டும் வந்தால் சந்தேகப்படுவதே சரி.

கேள்வி: இந்திதான் ஒன்றிய ஆட்சிமொழி, ஆங்கிலம் 15 ஆண்டுகள்தான் என்று அரசியலமைப்பில் எழுதியிருப்பதாகப் படித்தேன். 1965-லேயே கெடு முடிந்துவிட்டதே, பிறகு எப்படி ஆங்கிலம் இன்னும் நீடிக்கிறது? – கல்லூரி மாணவி, சிதம்பரம்

சமரசம் எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது, எப்படிப் பழுது பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் நாட்டில் கிடையாது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை அரசியலமைப்பு நிர்ணய சபை மொழிப் பிரிவை விவாதித்தது. இந்தி உடனே வர வேண்டும் என்றது ஒரு பக்கம், ஆங்கிலம் போனால் எங்கள் பிள்ளைகள் டில்லிப் பணிகளில் எப்படி நுழைவார்கள் என்றது இன்னொரு பக்கம். கே.எம்.முன்ஷியும் என்.கோபாலசாமி அய்யங்காரும் எழுதிய வரைவுதான் கடைசியில் ஏற்கப்பட்டது. தேவநாகரி எழுத்தில் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி. எண்கள் மட்டும் தேவநாகரி எண்களாக இல்லாமல், நாம் இன்று எழுதும் சர்வதேச வடிவத்தில் இருக்கும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டுகள், அதாவது 1965 ஜனவரி 26 வரை, ஆங்கிலம் தொடரும். இவ்வளவும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது 343-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. 15 ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலத்தைப் பயன்படுத்த நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அது. சுவர் எழுப்பியவர்கள் ஒரு ஜன்னலையும் வைத்துவிட்டுத்தான் போனார்கள். சண்டையை அன்றே முடிக்க முடியாது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதனால் நாள் குறித்தார்கள், இடையில் ஆய்வு செய்ய ஆணையம் வைத்தார்கள், ஜன்னலையும் விட்டார்கள்.

அந்த ஆணையம் 1955-இல் பி.ஜி.கெர் தலைமையில் அமைந்தது. இந்திக்கு மாறுவதை ஆதரித்து அது அறிக்கை கொடுத்தபோது, ப.சுப்பராயனும் சுநீதி குமார் சட்டர்ஜியும் மாற்றுக் கருத்து எழுதிப் பதிவு செய்தார்கள். 1959 ஆகஸ்டில் பிரதமர் நேரு மக்களவையில் உறுதி கொடுத்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் மாற்று மொழியாக நீடிக்கும் என்பது அதன் சாரம். உறுதிமொழி நல்லதுதான். ஆனால் அது பேச்சு, சட்டமாகவில்லை.

1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. 15 ஆண்டுகள் முடிந்த பிறகும் இந்தியுடன் ஆங்கிலமும் ‘தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்’ என்றது அதன் 3-ஆம் பிரிவு. ஆங்கில மூலத்தில் அந்தச் சொல் ‘மே’. ‘ஷல்’ என்று போட்டால் ‘வேண்டும்’ என்ற கட்டாயம் வந்துவிடும். அப்போது மாநிலங்களவையில் இருந்த அண்ணாவும் தி.மு.க.வும் இந்தச் சொல்லைத்தான் எதிர்த்தார்கள். இலக்கணச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தவர்கள் அன்று உண்டு. ஆனால் ‘தொடரலாம்’ என்றால் ‘தொடராமலும் விடலாம்’. முடிவெடுக்கும் சாவி முழுவதும் ஒன்றிய அரசின் கையில் இருந்தது. நேருவின் வாக்குறுதியோ அதை இந்தி பேசாத மக்களிடம் கொடுப்பதாகச் சொன்னது. பேச்சுக்கும் வாசகத்துக்கும் இடையே இருந்த இந்த இடைவெளியில்தான் 1965 வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தார்கள், தீக்குளித்து மாண்டவர்களும் உண்டு. பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதியைக் காப்பதாகச் சொன்னார்.

பழுது பார்த்தது 1967-இல் வந்த திருத்தச் சட்டம். அது செய்த வேலை நுட்பமானது. ‘மே’ என்ற சொல் அப்படியே இருந்தது. ஆனால் அதன் மேல் ஒரு பூட்டு வந்தது. அதுதான் 3-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு. ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமானால், இந்தியைத் தன் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் அதற்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நாகாலாந்து மட்டும் மறுத்தாலும் ஆங்கிலம் நிற்கும். இந்தியை ஏற்காத மாநிலத்துடன் ஒன்றிய அரசு ஆங்கிலத்தில்தான் கடிதத் தொடர்பு கொள்ள வேண்டும் என்ற இடத்தில் ‘ஷல்’ போடப்பட்டது. அரசாணைகள், விதிகள், அறிவிக்கைகள், ஒப்பந்தங்கள், டெண்டர் படிவங்கள் இரு மொழியிலும் இருக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததே. 1976-இல் வந்த ஆட்சிமொழி விதிகளின் தொடக்கத்திலேயே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது.

இதில் யாருக்கும் முழு வெற்றி இல்லை. வடக்கே ஆங்கிலத்துக்கு எதிரான போராட்டங்கள் நடந்தன. இங்கே 1968 ஜனவரி 23-இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இரு பக்கமும் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்ட அந்த ஏற்பாடு அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பூட்டு அரசியலமைப்பில் இல்லை, சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தையே திருத்துவதற்கு நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதைக் காப்பது, தொட்டால் என்ன ஆகும் என்ற 1965-இன் நினைவு. அந்த நினைவு மங்கினால் பூட்டும் இளகிவிடும்.

கேள்வி: ஜி.எஸ்.டி.யில் மாநிலங்கள் வரி உரிமையை விட்டுக்கொடுத்தன என்கிறார்கள். பதிலுக்கு என்ன வாங்கின? அது நல்ல சமரசமா? – பின்னலாடை வணிகர், திருப்பூர்

வாங்கியது மூன்று. வருவாய்க்கு உத்தரவாதம், ஒன்றிய, மாநில அமைச்சர்கள் கூடி முடிவெடுக்கும் ஜி.எஸ்.டி. மன்றத்தில் வாக்கு, சில பொருள்களுக்கு விலக்கு.

பேரம் பேசும் வலு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஜி.எஸ்.டி.க்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது. அதற்கு ஒவ்வோர் அவையிலும் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அந்த எண்ணிக்கை மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். பிறகு பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும். சாதாரண மசோதா என்றால் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி முட்டுக்கட்டையை உடைக்கலாம். வரதட்சணைத் தடை (1961), வங்கிப் பணி ஆணைய நீக்கம் (1978), பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா (2002) என மூன்று முறைதான் அப்படி நடந்திருக்கிறது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. மக்களவையில் 2015 மே மாதம் நிறைவேறிய மசோதா, ஆளுங்கூட்டணிக்கு எண்ணிக்கை போதாத மாநிலங்களவையில் நின்றது. அங்கே தெரிவுக்குழுவுக்குப் போயிற்று.

இங்கேயும் அதே ‘மே’, ‘ஷல்’ கதைதான். மாநிலங்களின் இழப்பை ஈடுகட்ட நாடாளுமன்றம் சட்டம் இயற்ற‘லாம்’, அது ஐந்தாண்டு வரை நீள‘லாம்’ என்று இருந்தது முதல் வரைவு. இறுதி வாசகம், இயற்ற ‘வேண்டும்’, ஐந்தாண்டுக்கு என்று மாறியது. உற்பத்தி மாநிலங்களுக்காகச் சேர்த்திருந்த ஒரு சதவீதக் கூடுதல் வரி கைவிடப்பட்டது. வரி விகிதத்துக்கு 18 சதவீதம் என்ற உச்சவரம்பை அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்ற எதிர்க்கட்சிக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இப்படிக் கொடுத்து வாங்கிய பிறகுதான் 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாநிலங்களவையில் எதிர்வாக்கே இல்லாமல் 203 வாக்குகளுடன் நிறைவேறியது. அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. தமிழ்நாடு உற்பத்தி மாநிலம் என்பதால், பொருள் நுகரப்படும் இடத்துக்கே போய்ச் சேரும் இந்த வரியில் தனக்கு இழப்பு வரும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது.

வாக்குக் கணக்கு உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு, அதாவது 75 சதவீத எடை வேண்டும். சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதிகளையும் சேர்த்து 31 உறுப்பினர்கள். எல்லோரும் வந்து வாக்களித்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 2.15 சதவீதம். ஒன்றிய அரசு ஒரு முடிவை நிறைவேற்ற 20 மாநிலங்களைத் தன் பக்கம் சேர்க்க வேண்டும். 12 மாநிலங்கள் ஒன்றாக நின்றால் தடுத்துவிடலாம். ஒன்றிய அரசு தனியாகவே எதையும் தடுக்கலாம். சமநிலை சரியாக இல்லை என்பதே எங்கள் கருத்து. தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை என்பதை 2021-இல் தமிழ்நாடு மன்றத்திலேயே கேள்வி கேட்டது, நியாயமான கேள்விதான். இருந்தாலும் முதல் 37 கூட்டங்களில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. 2019 டிசம்பரில் லாட்டரிக்கு ஒரே வரி விகிதமா என்ற பிரச்சினையில்தான் முதல் வாக்கெடுப்பு வந்தது. 21-க்கு 7 என்று முடிந்தது. வாக்குக்குப் போனால் யார் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டியே தெரிவதால், பேசியே முடித்துக்கொள்கிறார்கள்.

பழுது எங்கே வந்தது? 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி என்று கணக்கிட்டு, குறைவதை ஈடுகட்டுவதாகச் சட்டம் சொன்னது. அதற்கான பணம் செஸ் வரி சேரும் ஈட்டு நிதியத்திலிருந்து. அந்த நிதியமே காலியானால் எங்கிருந்து கொடுப்பது? அதை யாரும் தெளிவாக எழுதவில்லை. 2020-இல் பெருந்தொற்று வந்து வசூல் விழுந்ததும் அந்த ஓட்டை தெரிந்தது. நீங்களே கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களிடம் முதலில் சொன்ன ஒன்றிய அரசு, பல மாநிலங்கள் மறுத்த பிறகு தானே 1.1 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு 1.59 லட்சம் கோடி. அதை அடைக்க, 2022 ஜூனில் முடிய வேண்டிய செஸ் வரி 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. அதாவது, ஒரு வரி எழுதாமல் விட்டதற்கு நுகர்வோர் கூடுதல் ஆண்டுகள் செஸ் கட்டினார்கள்.

விலக்கிலும் சாவியைக் கவனியுங்கள். பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஆகிய ஐந்தையும் உள்ளே கொண்டுவர மன்றம் தேதி பரிந்துரைத்தால் போதும். மதுவை உள்ளே கொண்டுவர மீண்டும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். பெட்ரோலுக்குப் போட்டது தாழ்ப்பாள், மதுவுக்குப் போட்டது பூட்டு.

கேள்வி: பண்டா–செல்வா ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் இலங்கையின் கதையே வேறு என்று என் தாத்தா காலத்தவர்கள் சொல்வார்கள். அது ஏன் ஒரு வருடம்கூட நிற்கவில்லை? – வாசகர், யாழ்ப்பாணம்

1957 ஜூலை 26-இல் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் சா.ஜே.வே.செல்வநாயகமும் செய்த உடன்பாட்டின் உள்ளடக்கத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. வடக்கு மாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. அவை விரும்பினால் ஒன்றிணையலாம். குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி என்று தெரிவு செய்யும் அதிகாரம் சபைகளுக்கு. சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தைத் தொடாமலே தமிழைத் தேசியச் சிறுபான்மையினரின் மொழியாக ஏற்று, வடக்கு கிழக்கு நிர்வாகத்தைத் தமிழில் நடத்துவது. தமிழரசுக் கட்சி சமஷ்டி, அதாவது கூட்டாட்சிக் கோரிக்கையை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தது, ஆகஸ்ட் 20-க்குத் திட்டமிட்ட சத்தியாக்கிரகத்தையும் கைவிட்டது. இரு தலைவர்களும் தங்கள் மேடைப் பேச்சிலிருந்து உண்மையாகவே இறங்கி வந்தார்கள்.

பிழை வடிவத்தில் இருந்தது. தமிழர் தரப்பு கொடுக்க வேண்டியதை உடனே கொடுத்துவிட்டது. பெற வேண்டியதோ இனிமேல் வரப்போகும் ஒரு சட்டமூலத்தில் இருந்தது. அந்தச் சட்டமூலத்துக்கு நாள் குறிக்கவில்லை. இரண்டாவது பிழை, எதிர்க்கட்சி அறைக்கு வெளியே இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு இந்த உடன்பாட்டில் பங்கு எதுவும் இல்லை, எதிர்ப்பதால் இலாபம் மட்டுமே. அக்டோபரில் ஜே.ஆர்.ஜயவர்தன கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார், அது இம்புல்கொடவில் தடுக்கப்பட்டது. 1958 ஏப்ரல் 9-இல் பிக்குகள் பிரதமரின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு முன் அமர்ந்தார்கள், அன்றே ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த மாதமே இனக்கலவரம்.

மனத்தை உறுத்துவது அடுத்து நடந்தது. 1965 மார்ச் 24-இல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க, செல்வநாயகத்துடன் மாவட்ட சபைகளுக்கு உடன்பட்டார். இப்போது எதிர்த்தது பண்டாரநாயக்க தொடங்கிய சுதந்திரக் கட்சி. அதுவும் நிறைவேறவில்லை, 1968-இல் தமிழரசுக் கட்சி அரசிலிருந்து வெளியேறியது. இரு பெரிய கட்சிகளும் ஆட்சியில் இருக்கும்போது ஒப்புக்கொண்டன, எதிரணியில் இருக்கும்போது எதிர்த்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தாளில் கையெழுத்திட வைக்கும் வேலை நடக்கவேயில்லை. பெரும்பான்மைச் சமூகத்துக்குள்ளே முதலில் நடக்க வேண்டிய சமரசம் அது. அதைத் தமிழர் தலைவரால் செய்து கொடுத்திருக்க முடியாது.

கேள்வி: தொலைக்காட்சியில் பார்த்தால் நாடாளுமன்றத்தில் கூச்சல்தான். சமரசம் எங்கே நடக்கிறது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்

கேமரா இல்லாத அறைகளில். துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கும், கட்சிக் கொறடாவின் ஆணை அங்கே செல்லாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, அவையில் கட்சி ஆணையை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். குழுவில் அந்தப் பயம் இல்லாததால், தன் கட்சி கொண்டுவந்த மசோதாவிலேயே குறை சொல்ல முடியும். உடன்படாதவர் மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதி அறிக்கையில் சேர்க்கலாம். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து எழுதியதைத் தள்ளிவிடுவது எந்த அமைச்சருக்கும் சங்கடம்.

ஊரக வேலை உறுதி மசோதா 2004 டிசம்பரில் வந்தபோது, ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதை ஆராய்ந்த நிலைக்குழுவின் தலைவர் எதிர்க்கட்சியான பா.ஜ.க.வின் கல்யாண் சிங். எல்லா ஊரகக் குடும்பங்களுக்கும் விரிக்கும்படி குழு சொன்னது. 2005-இல் நிறைவேறிய சட்டம் அப்படியே விரிந்திருந்தது.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் சட்டமன்றத்திலேயே உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறியது. ஆளுங்கூட்டணியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் ஒரு குழு முன்னால் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், வரவேண்டிய மறுப்புகள் நிறைவேற்றத்துக்கு முன்பே வந்திருக்கும். மாநிலச் சட்டமன்றங்கள் மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்பும் வழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவோம்.

கேள்வி: கூட்டணி ஆட்சிக்கு ‘குறைந்தபட்சப் பொதுத் திட்டம்’ என்ற காகிதத்தால் என்ன பயன்? – வாசகர், கோவில்பட்டி

எழுதியது நிற்கும், எழுதாதது ஆட்சியை ஆட்டும். 2004-இல் இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்த அரசின் பொதுத் திட்டத்தில் 100 நாள் வேலைச் சட்டம் இருந்தது, வந்தது. அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாடு அதில் இல்லை. அதை முன்னிட்டே 2008 ஜூலையில் ஆதரவு விலக்கப்பட்டது. அந்த மாதம் 22-ஆம் தேதி அரசு 275-க்கு 256 என்ற கணக்கில் தப்பியது. ‘இதில் இல்லாத புதிய விஷயம் வந்தால் எத்தனை நாளில், எந்தக் குழுவில் பேசி முடிப்பது’ என்ற ஒரு பத்தி எந்தப் பொதுத் திட்டத்திலும் இருக்க வேண்டும்.

கேள்வி: எந்த இடத்தில் சமரசத்தை மறுத்தே ஆக வேண்டும்? – சட்ட மாணவர், காரைக்குடி

யாருடைய உரிமை பேசப்படுகிறதோ அவர் அறையில் இல்லாதபோது. 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள், மாநிலங்களின் பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது என்று சமரசம் செய்தார்கள். வடக்கும் தெற்கும் பேசின. அடிமைகள் சார்பில் யாரும் இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் அது போனது.

இன்னொரு வகை கடினமானது: அறையில் இருந்தார், ஆனால் மறுக்கும் சுதந்திரம் இல்லை. 1932 செப்டம்பர் 24-ஆம் தேதியின் பூனா ஒப்பந்தம் அப்படி. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதியைத் தந்த பிரிட்டிஷ் தீர்ப்பை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அவர் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாடெங்கும் தம் மக்கள்மீது என்ன பாயும் என்பதை அம்பேத்கர் அறிந்திருந்தார். தனித் தொகுதியை விட்டார். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள், பிரிட்டிஷ் தீர்ப்பு தந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, வாங்கினார். சென்னை மாகாணத்துக்கு அதில் 30. ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு வேட்பாளர்களை ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டுமே முதலில் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அந்த நால்வரிலிருந்து எல்லோரும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதும் ஒரு நிபந்தனை. அந்த முதற்கட்டத் தேர்தல்தான் தம் மக்களின் உண்மையான பிரதிநிதி வருவதற்கு இருந்த வழி. அதற்குப் பத்தாண்டுக் கெடு வைத்திருந்தார்கள். சுதந்திர இந்தியாவில் இடஒதுக்கீடு தொடர்ந்தது, முதற்கட்டத் தேர்தல் தொடரவில்லை. தனித்தொகுதிகளில் வெல்பவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்ற இன்றைய கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது. அம்பேத்கர் பின்னாளில் அந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்தார். நெருக்கடியில் கையெழுத்திட நேர்ந்தவரும் எவ்வளவு கவனமாக எழுத்தில் வாங்க முடியும் என்பதை அதில் பார்க்கலாம். கெடு வைத்த பகுதிதான் முதலில் உதிரும் என்பதையும் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் பேரூராட்சி மன்றத்தில் இரண்டு அணிகள். ஒவ்வொரு கூட்டமும் சாலைப் பணி ஒதுக்கீட்டில் முடங்குகிறது. ‘வார்டுக்குச் சமமாகப் பிரிப்போம்’ என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. ஏற்கலாமா? – மன்ற உறுப்பினர், ஈரோடு மாவட்டம்

ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. சமப்பங்கு கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மழைநீர் வடிகாலுக்கு வார்டு எல்லை தெரியாது. பணத்தைத் துண்டு போட்டால் மேட்டு வார்டில் வடிகால் கட்டி முடியும், பள்ளத்து வார்டில் பணம் தீர்ந்து நிற்கும், தண்ணீர் அங்கே தெருவில் தேங்கும். சின்னச் சின்ன மதிப்பீடுகளுக்கு ஒப்பந்ததாரரும் வர மாட்டார்.

இரு அணியிலும் இரண்டிரண்டு பேரைத் தெரிவு செய்து, பொறியாளரையும் அழைத்துக்கொண்டு எல்லா இடங்களையும் ஒரே நாளில் நடந்து பாருங்கள். எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதில் முதலில் உடன்படுங்கள்: கடைசியாகச் சாலை போட்ட ஆண்டு, அதை நம்பியிருக்கும் வீடுகள், தண்ணீர் தேங்குகிறதா, பள்ளியோ மருத்துவமனையோ இருக்கிறதா. பணியின் பெயரைச் சொல்லாமல் இந்த அளவுகோலை மட்டும் பேசினால் பாதிச் சண்டை குறைந்துவிடும். பிறகு இரண்டு ஆண்டுக்கான பட்டியலை ஒரே தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். முதல் ஆண்டில் இடம் கிடைக்காத அணிக்கு இரண்டாம் ஆண்டுப் பணிதான் பிடிப்பு. அதனால் அது தெருவின் பெயர், நீளம் எத்தனை மீட்டர், மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதி என்ற அளவுக்கு எழுதப்பட வேண்டும். ‘நிதி நிலைமைக்கேற்பப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதினால் அந்த ‘லாம்’ உங்களைக் கைவிட்டுவிடும். ஒரு பணிக்கு டெண்டர் வரவில்லை என்றால் அந்தத் தொகை பட்டியலில் அடுத்த பணிக்குப் போகும், வேறு எங்கும் போகாது என்ற வரியையும் சேருங்கள், இழுபறி பெரும்பாலும் அங்கேதான் மறுபடி தொடங்கும். கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பேசியது வேறு, பதிவானது வேறு என்றால் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதை எழுப்பி, உங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.